கொட்டை எழுத்து

வீட்டில் 'புழு' என்று கூப்பிடப்படும் அந்தப் பெண் மூன்றாவது பெட்டியையும் திறந்தாள். இதிலும் படமே இல்லை. மூடியில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டில் தொடங்கி உள்ளே இருந்த கையேடுவரை எங்கே பார்த்தாலும் எழுத்து, எழுத்து, எழுத்து.

"நல்லா பாத்து ஒண்ணை எடுத்து வை. நீ பாத்தாத்தான் சரியா இருக்கும். மத்த ரெண்டையும் அஞ்சு மணிக்குப் பார்சல்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு அம்மா காலையிலேயே கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி. மூன்றும், எழுத்து பிடிபடாத பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிப்பதற்கான பாடத்திட்டங்கள். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தான். தம்பி வாண்டு, எட்டு வயது, 'பல்' என்று எழுதியிருந்தால் 'லப்' என்று வாசிப்பவன்.

அப்படி இன்னொரு பிள்ளையும் அந்த வீட்டில் உண்டு என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் புழு பதினைந்து வயதிலும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

புத்தகப்புழு என்று பெயர் வைத்தது அம்மாதான். எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாளே. கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் புரட்டுகிறாள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? புழுவின் கண்முன் எழுத்தெல்லாம் எறும்புச் சாரைபோல நகரும். ஒரு சொல்லின் தலையைப் பிடித்துக்கொண்டு வாலை ஊகித்துவிடுவாள். பாதி நேரம் சரியாக இருக்கும். போன மாதம் வாண்டுவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, "அவனுக்குத் துணையா நீயும் எழுதேன்" என்று டாக்டரம்மா அவளிடமும் ஒரு தாளை நீட்டினாள். அவள் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் என்னவானது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

புழு ஒரு வழி கண்டுபிடித்தாள். சிவப்புப் பெட்டிக் கையேட்டைக் கைபேசியில் படம் பிடித்து, அதையே வாசிக்கச் சொன்னாள். கைபேசிக்குள்ளிருந்த பெண், வரி முடிகிற இடத்தில் சொல்லையே இரண்டாக உடைத்து, கணீரென்று வாசித்தாள்.

"எழுத்தின் பக்கத்தில் துணை. கால் போடவும். கால் போட மறந்தால் அடித்துத் திருத்தவும்."

வாண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். "அடிப்பாங்களா?"

"மறந்தாத்தான் அடி. ஒழுங்கா காலைப் போடு."

"எங்க போட?"

"எழுத்துக்குப் பக்கத்துல."

வாண்டு ஒரு காலைத் தூக்கிக் கையேட்டின் ஓரத்தில் வைத்தான். "இப்படி நின்னா படிப்பு வந்துடுமா?"

"புது முறைடா. வாயை மூடிட்டு நில்லு."

அந்த நேரம் பார்த்து வீட்டு போன் அடித்தது. அம்மா.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டே இருக்கேம்மா."

"பக்கம் பன்னிரண்டு" என்றாள் கைபேசிப் பெண்.

"யாருடி அது?"

"வாண்டும்மா."

"பொம்பளைக் குரலா இருக்கே."

"தொண்டை கட்டியிருக்கு."

"ஐயையோ, உப்புத்தண்ணி போட்டுக் கொப்பளிக்கச் சொல்லு. நான் மூணு மணிக்கே வந்துடுறேன்."

ஐந்து மணி மூன்றானது. ஒன்றுமில்லாத தொண்டையைச் சுற்றித் துண்டைக் கட்டி, வாண்டுவை நான்கு தடவை கொப்பளிக்க வைத்தாள்.

பச்சைப் பெட்டிக்கு வருவதற்குள் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. "நான் வாசிக்கிறேன் புழு" என்று வாண்டு முன்வந்தான். அவன் சொல்லின் பின்னாலிருந்து வாசித்தான், அவள் முன்னாலிருந்து ஊகித்தாள். இருவரும் எந்தச் சொல்லிலும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

மிச்சம் நீலப் பெட்டி. அதற்குள் சொரசொரவென்று பழுப்புத் தாள்கள் கிடந்தன. பார்சலுக்குள் அடைக்கிற குப்பை என்று ஒதுக்கிப் போட்டுவிட்டு, கையேட்டின் முதல் வரியைப் பிடித்தாள். 'உப்பு'. அப்பாடா, தெரிந்த சொல். அதற்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, போகட்டும். இரண்டாவது வரியில் 'விரல்'. மூன்றாவதில் 'எழுத்து'.

"உப்பு டப்பாவைக் கொண்டாடா."

"திரும்பக் கொப்பளிக்கணுமா?"

"கொண்டாங்கறேன்."

சாப்பாட்டு மேசை முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பினாள். விரலால் ஒரு 'ப' போட்டாள். அதன் பக்கத்தில் 'ல'. அதற்கொரு புள்ளி. குனிந்து பார்த்தாள். எழுத்து அசையவில்லை. எறும்பு ஓடவில்லை. போட்ட இடத்தில் போட்டபடி உட்கார்ந்திருந்தது.

"பல்" என்றாள் மெதுவாக. மறுபடி தடவினாள். "பல்தான்."

பழையபடி கையேட்டின் ஓரத்தில் காலை வைத்து நின்றுகொண்ட வாண்டுவை மறந்து, பார்சல்காரரை மறந்து, மேசையின் அந்தக் கோடி வரைக்கும் எழுதிக்கொண்டே போனாள். உப்பு நாற்காலியிலும் தரையிலும் கொட்டியதோ, கதவு திறந்ததோ அவளுக்குத் தெரியவே இல்லை.

"என்னடி இது?" வாசலில் அம்மா. மூன்று மணிக்கே வருவதாகச் சொன்னவள் வந்து சேர்ந்தபோது ஐந்தாகச் சில நிமிடமே இருந்தது.

புழு உப்பிலிருந்து விரலை எடுத்தாள். "நீலப் பெட்டிம்மா. அதுல உப்புன்னு போட்டிருக்கு."

அம்மா கீழே கிடந்த பழுப்புத் தாளை எடுத்தாள். "உப்புத்தாள்னுதானே போட்டிருக்கு. மரத்தைத் தேய்க்கிற தாள். இந்தா பாரு, அதுல எழுத்தை வெட்டி வச்சிருக்காங்க, விரலால தடவிப் படிக்க."

"தெரியும்மா. வாண்டுக்கு விரல் எரியுமேன்னு நான்தான் உப்பா மாத்தினேன்."

"ஓ." அம்மா திரும்பினாள். "இவன் ஏன் புத்தகத்து மேல காலை வச்சிட்டு நிக்கிறான்?"

"துணைக்குக் கால் போட்டிருக்கேம்மா. எடுத்தா அடிப்பாங்களாம்" என்றான் வாண்டு.

அம்மா ஒரு நாற்காலியின் உப்பைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை. அதுதான் புழுவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கடைக்குச் சில பேரு வருவாங்க" என்றாள் அம்மா, உப்பில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே. "கண்ணு தெரியலேன்னு ஒத்துக்கவே மாட்டாங்க. பலகையில இருக்கிற கடைசி வரியை மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க. நான் பலகையை மாத்தி வச்சிருப்பேன். அப்பவும் அதையே ஒப்பிப்பாங்க."

"திட்டுவியா?"

"எதுக்குத் திட்டணும்? கண்ணாடி பிரேம் நாலை எடுத்து முன்னால வைப்பேன். பிடிச்சதை அவங்களே எடுத்துக்குவாங்க."

கடைக்கதையை இப்போது எதற்குச் சொல்கிறாள் என்று புழுவுக்கு விளங்கவில்லை. பேச்சு மாறியதே போதும் என்றிருந்தது.

"சரி, எந்தப் பெட்டி?"

"நீலம்."

"ஏன்?"

"அதுலதான் எழுத்து ஓடாம நிக்குது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாண்டுக்கு. வாண்டுக்கு ஓடாம நிக்குதாம்."

"எனக்கா?" என்றான் வாண்டு.

"நீ நில்லுடா."

அழைப்பு மணி அடித்தது. மணி ஐந்து. பார்சல்காரர் உள்ளே வந்து, உப்பை மிதிக்காமல் நுனிக்காலில் நடந்து, சிவப்பையும் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு ஒரு ரசீதை நீட்டினார்.

"நீலத்தை வச்சுக்கறீங்க. அப்ப படிக்கப் போறவங்க இதுல ஒரு கையெழுத்து போடணும்."

புழு சட்டென்று வாண்டுவின் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "போடுடா, உன் பெட்டிதானே."

பார்சல்காரர் வாண்டுவை மேலும் கீழும் பார்த்தார். பெட்டி மூடியில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டைப் பார்த்தார். பேனாவைப் புழுவின் பக்கம் திருப்பினார்.

"என்ன பாப்பா, மூணு பெட்டி மேலயும் 'மாணவி, வயது பதினைந்து'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, பாக்கலையா?"