மாரியம்மன் கோயில் ரிலீவிங் லெட்டர்

அன்று பங்குத் தந்தையின் அறையில் இருந்தவர்கள்: ஃபாதர், ஞானப் பாடம் நடத்தும் உபதேசியார், என் மனைவி ஸ்டெல்லா, மகள், பிளாஸ்டிக் ஃபைலோடு நான். மத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி வரவில்லை. அவருடைய கடிதம் வந்திருந்தது. அதுதான் வினை.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஞாயிறுதோறும் ஸ்டெல்லா நற்கருணை வாங்க வரிசையில் போவாள். ஞானஸ்நானம் வாங்காத நான் பெஞ்சில் அவள் கைப்பைக்குக் காவல். அந்த வருடம் மகளும் வரிசையில் சேர்ந்துவிட்டாள். (அவள் பையும் என்னிடம்.) எனக்கும் அந்த வரிசையில் நிற்க ஆசை வந்தது.

"போய் ஃபாதரப் பாருங்க, அவ்ளோதான்" என்றாள் ஸ்டெல்லா.

அவ்வளவுதானா? எட்டாவதோடு நின்றவன் நான். மத்திகிரியில் வாடகைக்கு இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே சேர்க்கை, கம்பெனியில் சேர்வதுதான். ஆதார், பாஸ்புக், போட்டோ நான்கு, மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாம் அடுக்கினேன். ஒன்று குறைந்தது. பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டர் வாங்காமல் எந்த கேட்டில் உள்ளே விடுவார்கள்? பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

"ஏண்டா, அம்மா யாரைடா இதுவரைக்கும் வேலைய வுட்டு நிறுத்தியிருக்கா?" என்று சிரித்த பூசாரி, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

ஃபாதர் கவரைப் பிரித்து உரக்கவே படித்தார்:

"பையன் நல்லவன். பயந்தாங்கொள்ளி. கூழ் ஊத்தற அன்னிக்கு ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. திருவிழா வரி முந்நூத்தம்பது ரூபா பாக்கி."

உபதேசியார் மேசைமேல் கவிழ்ந்து குலுங்கினார். ஸ்டெல்லா முந்தானைக்குள் போய்விட்டாள். எனக்கோ ஒரே கவலை. பாக்கி வைத்தவனை யார் சேர்ப்பார்கள்?

"ஃபாதர், சம்பளம் வந்ததும் கட்டிடறேன். திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க."

ஃபாதர் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் வேணாம்பா. எதுக்கு வந்தீங்க? அத மட்டும் சொல்லுங்க."

மனப்பாடம் செய்த பதிலெல்லாம் பறந்துவிட்டது. "பெஞ்சுல தனியா உக்கார முடியல, ஃபாதர்."

யாரும் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து சர்ச் வாசலில் என்னை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெற்றியில், காதில், கண்ணில் சிலுவை வரைந்து உள்ளே அழைத்துப் போனார்கள். ஒரு சர்டிபிகேட்டும் கேட்கவில்லை. அதன்பின் ஒரு வருடம் உபதேசியாரிடம் பாடம். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அன்று மூவரும் வரிசையில் நின்றோம். பைகள் இரண்டும் பெஞ்சில் அநாதையாகக் கிடந்தன.

இன்றும் நான் எதற்காவது பதறினால் மகள் கேட்பாள்: "அப்பா, ரிலீவிங் லெட்டர் எடுத்துக்கிட்டியா?"

வருடா வருடம் திருவிழாவுக்குப் போய்ப் பணத்தை நீட்டுகிறேன். பூசாரி கையை இழுத்துக்கொள்கிறார். "வாங்கிட்டா கணக்கு முடிஞ்சிரும்டா. அப்பறம் நீ எதுக்கு வருவ?"

பாக்கி: ரூபாய் முந்நூற்று ஐம்பது.