ஐந்து கட்டைக்குச் சேர்த்த ஆர்மோனியம்

அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்க வேண்டும் எனக் கடிதப் பாடத்தில் இருக்கிறது, அதனால் நலம். அப்பா மூன்று நாட்களாகப் பட்டறையைத் திறக்கவில்லை. அம்மா உங்கள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். மற்றபடி நலம்.

பழங்காலச் சுருதி பற்றி நீங்கள் பேசிய வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். எங்கள் தெருவில் முடிவெட்டுபவர்கூடக் கத்தரியை நிறுத்திவிட்டு, "இப்ப வர்ற ஆர்மோனியப் பெட்டியெல்லாம் பொய்ச் சுருதியாமே?" என்று அப்பாவைக் கேட்கிறார். இருபது வருடமாக ஆர்மோனியம் பழுதுபார்க்கும் அப்பாவுக்கு அது தெரியாதா? எந்தக் கட்டையிலும், அதாவது எந்த உயரத்தில் தொடங்கியும், பாடலாம் என்பதற்காக ஒவ்வொரு சுரத்தையும் இம்மியளவு நகர்த்தி வைப்பது இன்றைய முறை. பழைய முறையில் ஒரே ஒரு கட்டைக்குத் தேனாகச் சேரும், மற்றவற்றில் இடிக்கும். நூலகத்தில் மூன்று புத்தகம் படித்து நானும் இதை உறுதி செய்துகொண்டேன். நீங்கள்தான் விடவில்லை. "என்ன மாப்ள, முன்னோர் கண்டுபிடிச்சத விட்டுட்டு இன்னும் பொய்யவே சுரண்டிட்டிருக்கீங்க" என்று ஃபோனில் சிரித்தீர்கள். ஸ்பீக்கரில் இருந்தது, எல்லோரும் கேட்டோம். அப்பா மறுநாளே எங்கள் பள்ளி ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து, ஒன்பது நாள் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு ஒவ்வொன்றையும் அரத்தால் சுரண்டி, ஐந்து கட்டைக்குச் சுத்தமாகச் சேர்த்தார். சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஐந்து என்னுடைய கட்டை. ஆண்டு விழாவில் தனியாகப் பாடப்போவது நான், சிறப்பு விருந்தினர் நீங்கள். அப்பா வாசித்துக் காட்டியபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

விழாவன்று பாட்டு டீச்சர் வாசிக்க, நான் பாட, பெட்டி நாய் மாதிரி ஊளையிட்டது. நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து காதில் விரலை வைத்தீர்கள். பிறகு மைக்கைப் பிடித்து, "இந்தக் காலத்துச் சுருதி எப்படின்னு கேட்டீங்கல்ல, இதான்" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள் மாமா. இத்தனை நாள் நீங்கள் புகழ்ந்த பழைய சுருதி எதிரே வந்து நின்றபோது உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமையாசிரியை அப்பாவை அறைக்குக் கூப்பிட்டு, எழுத்தில் ஒரு விளக்கம் வாங்கிக்கொண்டு, "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பள்ளியையும் அதன் கிளைகளையும் விட்டால் அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. இவை அனைத்துக்கும் நீங்களே காரணம் என்று நிதானமாக யோசித்து முடிவு செய்திருக்கிறேன்.

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? ஆசி கேட்டு முடிப்பது முறை. இந்தத் தடவை அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்

பி.கு.: மேலே ஒன்றை விட்டுவிட்டேன். ஐந்து கட்டையை விட்டு நகரவே கூடாது என்று அப்பா என்னிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினார். டீச்சருக்கு அது தெரியாது. மேடையில் ஏறியதும் உங்களைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பாடினால் நீங்கள் அசந்துபோவீர்கள் என்று தோன்றியது. "ஐந்தரைலேர்ந்து எடுங்க டீச்சர்" என்று நான்தான் சொன்னேன். அப்பா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார். முதல் சுரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். தலைமையாசிரியைக்கு அவர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "என் காது முன்போல் இல்லை."