தொப்புளில் எதை இறக்குவது?

மரியாதைக்குரிய சந்திரமோகன் மாமா அவர்களுக்கு,

இண்டூரிலிருந்து தங்கள் அக்கா மகன் அன்பு பணிவுடன் எழுதுவது. அம்மாவின் பித்தப்பையைத் தவிர இங்கு மற்றவை நலம். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பை நான் பாதியில் விட்டதும் என் நம்பரைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டதால், பெங்களூர் போகும் தக்காளி வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். துளை போட்டு எடுத்துவிடலாம், நாளைக்கே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அம்மா வலியில் சுருண்டு கிடக்குது, அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். நீங்க வந்து ஒரு அதட்டு போட்டாத்தான் நடக்கும். இதுல என் பங்கும் கொஞ்சம் இருக்கு. வயித்துக்குள்ள எப்படிடா போவாங்கன்னு அப்பா கேட்டாரு, படிச்ச வரைக்கும் சொன்னேன். ஒண்ணு, தொப்புள்ள ஊசி எறக்கி, கேஸ் ஏத்தி, வயிறு உப்புனதும் கூர்முனைக் குழாயக் குத்துறது. உள்ள இருக்கறது தெரியாது, கைப்பழக்கந்தான். ரெண்டு, உள்ளுக்குள்ள கேமரா வெச்ச குழாய், பாத்துக்கிட்டே எறங்கும். மூணாவது வழியப் பாடம் நடத்துறதுக்குள்ள நான் படிப்ப வுட்டு நின்னுட்டேன்.

"தண்ணிக்கு மூணு போரு கண்ண மூடிக்கிட்டு எறக்குனேன், மூணும் புழுதி. சுகுணா வயித்துல அப்படி வுட மாட்டேன், கேமராதான்"னுட்டாரு. அதோட வுட்டாரா? நீரோட்டம் பாக்குற பச்சியப்பன ரூமுக்கே கூட்டியாந்துட்டாரு. அவரு உள்ளங்கையில தேங்காய வெச்சிக்கிட்டு அம்மா வயித்துக்கு மேல கைய நகத்துனாரு. தொப்புளுக்கு நேரா தேங்கா எழுந்து நின்னுச்சு.

"பாயிண்டு இதாங்க."

அப்பத்தான் டாக்டர் உள்ள வந்தாரு. "நானும் அங்கதாங்க போடுறேன்."

"பாயிண்டு சரிங்க சார். கருவி எது?"ன்னாரு அப்பா.

"அது என் வேலைங்க."

"போர் வண்டிக்காரனும் இப்படித்தாங்க சொன்னான்."

அம்மா எழுந்து உக்காந்துச்சு. "எந்தக் கருமத்தையாவது எறக்குங்க. இல்லன்னா அத்தன பேரும் வெளிய போங்க, தேங்காயோட!"

அத்தைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. வழியில் கோபம் ஏறாமல் தாங்கள் பத்திரமாக வந்து சேரக் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மா. அன்பு

பின்குறிப்பு: வர வேணாம் மாமா. தக்காளி வண்டி ஒரு நாள் லேட்டு. அதுக்குள்ள அம்மாவே கையெழுத்துப் போட்டு, உள்ள போயி, கல்லில்லாம வெளிய வந்துருச்சு. எழுதுனது வீணாக வேணாம்னு அனுப்புறேன். நாங்க யாரும் அம்மாவ ஒண்ணும் கேக்கல, முன்னாடி வயித்துல ஏதும் ஆபரேஷன் ஆச்சான்னு டாக்டர் கேட்டிருக்காரு. நான் பொறந்தப்ப பண்ணுன குடும்பக்கட்டுப்பாட்டுத் தையல் தொப்புளுக்குக் கீழயே இருக்குதாம். அங்க குடல் ஒட்டியிருந்தா குத்துறது ஆபத்துன்னு, கத்தியில சின்னதாக் கீறி, கண்ணால பாத்து, மொட்டைமுனைக் குழாய வெச்சிருக்காரு. அதான் மூணாவது. மொட்டைமுனையத்தான் தானும் மொதல்லயிருந்து சொன்னதா அப்பா ரூம் ரூமாப் போயி வெளக்குறாரு. எதிர் ரூம் கோவிந்தனுக்கு நாளைக்குக் குடலிறக்க ஆபரேஷன். இவரு பேச்சக் கேட்டுட்டு அந்தாளு இப்பக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. அடுத்த லெட்டர் எழுத அவரு மச்சான் அட்ரஸ் வாங்கப் போறேன்.