வரப்போகுதுக்காரரின் முப்பது வருசம்

வரப்போகுதுக்காரர் என்றொரு இனம் நம் மலைநாட்டில் செழிப்பாக வளர்கிறது. இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். கோயில் வாசலிலோ சலூனிலோ பஸ் நிற்கும் இடத்திலோ இரண்டு நிமிடம் சும்மா நின்றால் போதும், அவரே வந்து உங்களைப் பிடித்துக்கொள்வார். நல்ல மழை பெய்தால் மண்சரிவு வரப்போகுது என்பார். மழை பெய்யாவிட்டால் கரண்ட் வெட்டு வரப்போகுது. மழையும் வெயிலும் அளவாக இருந்தால்? அதுதான் ரொம்பப் பயம். பெரிதாக ஏதோ வரப்போகுது.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீசியனாக இருக்கும் சிவசாமி இந்த இனத்தின் அசல் வாரிசு. ஐம்பத்திரண்டு வயது. நல்ல மனிதர்தான். யார் வீட்டில் பல்ப் எரியாவிட்டாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவார். சரிசெய்துவிட்டு, இந்த வயரிங்குக்கு இந்த வீடு இன்னும் பற்றிக்கொள்ளாமல் இருப்பதே ஆச்சரியம் என்றும் சொல்லிவிட்டு வருவார். அந்த வீட்டுக்காரர்கள் அதன்பிறகு ஒரு வாரம் சுவிட்சைத் துணி சுற்றிய விரலால்தான் தொடுவார்கள்.

அவரைப் பிடித்த சனியன் என்னவென்றால், ஒரே ஒரு தடவை அவர் சொன்னது பலித்துவிட்டது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடே சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோது, சிவசாமி வீட்டுக் கட்டிலுக்கடியில் ஆறு மாதத்துக்கு மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் இருந்தன. அதில் பாதியை அக்கம்பக்கத்துக்கு அளந்து கொடுத்தவள் அவர் மனைவி பூரணி. பேர் வாங்கியவர் சிவசாமி. ஒரு தடவை சரியாகச் சொன்னவரை அதற்குப் பிறகு யாரால் நிறுத்த முடியும்?

இந்த நிலையில்தான் போனில் ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. எந்த நாட்டிலோ ஒரு குடும்பம் பூமிக்கடியில் வீடு கட்டி, முப்பது வருசத்துக்கு வெளியே வராமல் வாழத் தயாராக இருக்கிறதாம். சிவசாமி அதைப் பதினொரு தடவை பார்த்தார். பன்னிரண்டாவது தடவை வீட்டுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய பழைய கொங்கிரீட் தண்ணீர்த் தொட்டி ஒன்று, தண்ணீர் வரத்து நின்று பல வருசமாகி, காட்டுக்கொடி மூடிக் கிடந்தது. பத்தடிக்கு எட்டடி, ஏழடி ஆழம். விதை உருளைக்கிழங்கு வைக்கப்போவதாகச் சொல்லித் தோட்ட ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் வேலை நடந்தது. ஏணி வைத்தார், தகரம் அடித்த மூடி போட்டார், உட்பக்கம் மூன்று தாழ்ப்பாள் பொருத்தினார், காற்றுக்கு ஒரு குழாய் விட்டார், பாட்டரியில் லைட் எரிய வைத்தார், ஒரு மூலையில் திரை கட்டி அதற்குப் பின்னால் மூடி போட்ட வாளி ஒன்றையும் வைத்தார். சுவரில் பதினான்கு சட்டங்களை எழுதி ஒட்டினார்.

சாப்பாட்டுச் சாமான் விஷயமாக மஸ்கெலியா டவுனில் கடை வைத்திருக்கும் முனாப் நானாவிடம் போனார். மூன்று பேர், முப்பது வருசம் என்றதும் முனாப் மறுபேச்சு இல்லாமல் கல்குலேட்டரை எடுத்துத் தட்டினார். அரிசி மட்டும் பதின்மூன்று டன். இருநூற்று அறுபத்து மூன்று மூட்டை. தொட்டியின் அளவைக் கேட்டு மறுபடியும் தட்டினார்.

"சாமான் தாரேன், அதுக்கு ஒண்ணுமில்ல," என்றார். "ஆனா இந்த அரிசிய உள்ள அடுக்கினா அதுக்கு மேல ஒரு பூனைக்கும் எடமில்ல. நீங்க மூணு பேரும் எங்க இருக்கப் போறீங்க?"

அதோடு, ஆறு மாதத்தில் அரிசியில் வண்டு விழும் என்பதையும் அவர் ஞாபகப்படுத்தினார். வரப்போகுதுக்காரர் இதற்கெல்லாம் அசருவாரா? வண்டிலும் சத்து இருக்கிறது என்று சிவசாமி வீட்டில் வந்து சொன்னார்.  பூரணி, முப்பது வருசத்தில் பல்வலி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். அவர் கொப்பியைத் திறந்து 'கிராம்பு' என்று எழுதிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் வீட்டில் வேறொரு விஷயம் ஊமையாகக் கிடந்தது. மகள் நிலக்ஷிக்கு இருபத்து மூன்று வயது, தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. ஹட்டனில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் மதுரன் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் பெற்றோரோடு பெண் கேட்டு வந்தான். வந்த அன்றைக்குக் கொட்டிய மழையில் குடை இல்லாமல் நனைந்துபோய் வந்து நின்றான். மஸ்கெலியாவுக்குக் குடை இல்லாமல் வருகிறவன் என் மகளை எப்படிக் காப்பாற்றுவான் என்று சிவசாமி முடித்துவிட்டார். நிலக்ஷி அன்றிலிருந்து அப்பாவோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. உலகம் அழிய இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை வைத்தார். காலை ஆறு மணிக்கு உள்ளே இறங்கினால் மறுநாள் மாலை ஆறுக்குத்தான் வெளியே வரவேண்டும். போன் கூடாது. பூரணி முதலில் தாங்கமாட்டாள் என்று தோட்டமே எதிர்பார்த்தது, அவரும் எதிர்பார்த்தார்.

உள்ளே இறங்கியதும் மூடியைச் சாத்தி, மேலே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினார். நஞ்சுக் காற்று வீசுகிறது, மரஞ்செடிகள் கருகிவிட்டன. விளக்கி முடித்தபோது ஏழு மணிகூட ஆகவில்லை. பூரணி பாயை விரித்துப் படுத்தாள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் நாள் முழுவதும் மற்றவர்களின் குழந்தைகளை இடுப்பில் சுமந்து, வீட்டுக்கு வந்து அடுப்பைச் சுமந்து, இருபத்தைந்து வருசமாகக் கண்ணை மூட நேரமில்லாதவள், அடுத்த நிமிடமே தூங்கிப்போனாள். நிலக்ஷி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

சிவசாமி உட்கார்ந்தார். எழுந்தார். மூட்டைகளை எண்ணினார். பாட்டரி எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். தொட்டியில் சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது, காற்று இருந்தது. பயமுறுத்த ஒருவர்கூட இல்லை. வருவதெல்லாம் வந்து முடிந்த உலகத்தில் வரப்போகுதுக்காரருக்கு என்ன வேலை?  ஒன்பதேகாலுக்கு, குழாயில் இலை அடைத்திருக்கும், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று முணுமுணுத்தபடி ஏணியில் ஏறினார்.

மேலே பக்கத்து வீட்டு மீனம்மாவும் இன்னும் நான்கைந்து பேரும் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கூடியிருந்தார்கள். இவ்வளவு பேரைப் பார்த்ததும் சிவசாமிக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டு மணி நேரம் நின்று பேசினார். எரிமலையில் தொடங்கி இணையம் அறுந்துபோவது வரைக்கும் வந்து, திருப்தியாகத் திரும்பி மூடியை இழுத்தார். திறக்கவில்லை. குழாயில் வாயை வைத்துப் பூரணியைக் கூப்பிட்டார்.

"ஏங்க, ஏழாவது சட்டத்த மறந்துட்டீங்களா," என்று கீழிருந்து அமைதியாகக் குரல் வந்தது. "வெளிய போய் நஞ்சுக் காத்த குடிச்சவங்கள, குடும்பத் தலைவரா இருந்தாலும், திரும்ப உள்ள எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. நாங்க நாளைக்கு ஆறு மணிக்கு வாறோம்."

அந்த இரண்டு நாளும் தோட்டம் சிரித்தது. தானே சமைத்த ரொட்டியைச் சிவசாமி தண்ணீரில் நனைத்துத்தான் தின்ன முடிந்தது. ஞாயிறு மத்தியானம் தூறலில் குழாயருகே வந்து குந்தினார். கீழே தாயும் மகளும் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நடுவில் சிரிப்பு. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். இரண்டு மாதம்.

"அப்பா," என்றாள் நிலக்ஷி. அவர் இருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "முப்பது வருசத்துக்குப் பொறகு மூடியத் தொறந்தா எனக்கு அம்பத்து மூணு வயசு. அப்ப யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?"

அவர் குழாயருகே இன்னும் நெருங்கிக் குந்தினார்.

"அவரு கொடைய மறந்துட்டாரு. அவ்வளவுதான். மனுசங்க மறப்பாங்க. நீங்க எனக்கு எத்தன கிலோ அரிசி வேணும்னு கணக்குப் பாத்தீங்க. நா எப்பிடி இருக்கப் போறேன்னு பாக்கல."

சிவசாமி மடியிலிருந்த கொப்பியைப் புரட்டினார். நாற்பது பக்கம். மகளின் பெயர் ஒரே ஓர் இடத்தில், அரிசிக்கும் பருப்புக்கும் எதிரே இருந்தது. தூறல் எழுத்தை ஊறவைப்பதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவர் வாழ்நாளிலேயே ஒன்றும் சொல்லாமல் இருந்த நீண்ட நேரம் அதுதான் என்று மீனம்மா பிற்பாடு சொன்னாள்.

"வரச் சொல்லும்மா," என்றார் கடைசியில். "அவங்க வீட்டாளுகளையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

மூன்று தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக விலகும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கல்யாணம் ஆவணியில் நன்றாக நடந்தது. ஒரு குடும்பம் அந்தத் தொட்டிக்குள் முப்பது வருசம் வாழ முடியுமா என்று இப்போது யாராவது கேட்டால், பூரணி யோசித்துத்தான் பதில் சொல்கிறாள். குடும்பமாக என்றால் மூன்று மணி நேரம். தனியாக என்றால், யாரும் கூப்பிடாமல் இருந்தால், எவ்வளவு நாள் வேண்டுமானாலும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தலையணையோடு அவள்தான் கீழே இறங்குகிறாள். சிவசாமி திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். சூரியனில் ஏதோ வெடிக்கப்போவதாக மருமகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மதுரன் பொறுமையாகக் கேட்கிறான். கராஜ்காரன், இரைச்சல் பழகியவன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. அந்த இனத்தோடு உங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒன்று. நாளைக் காலையில் பனி விலகி, மலையெல்லாம் பளிச்சென்று வெயிலடிக்கும்போது, வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, "இது நல்ல வெயிலாத் தெரியல" என்று சொல்ல உங்கள் நாக்கு துடித்தால், தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு, ஈரத் துணியை எடுத்துப்போய்க் காயப்போடுங்கள்.