நாய்க்கு நான்கெல்லை எழுதியவர்

உலகத்திலேயே நாய்க்குட்டிக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் ஒரே மனிதர் எங்கள் உத்தமபாளையத்தில்தான் இருக்கிறார். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அமெரிக்காவிலும் ஒருவர் இருக்கக்கூடும் என்று யாராவது சொன்னால், அந்த அமெரிக்கர் நாயின் நான்கெல்லைகளையும் எழுதுகிறாரா என்று கேட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

நிலப் பத்திரம் எழுதுவதுதான் அவருடைய தொழில். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால் என்று நாற்பது வருடமாக எழுதி எழுதி, எல்லை சொல்லாமல் அவரால் பேசவே முடியாது. டீக்கடையில்கூட, "எனக்கு மேக்க இருக்க வடைய எடுங்க" என்பார். அதனால் ஊருக்கே அவர் நாலெல்லை பாய். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

அங்கே பக்கத்துச் சந்தில் ஓட்டம் நின்றுபோன ஜீப் ஒன்று கிடக்கிறது. அதன் அடியில் வருடத்துக்கு இரண்டு முறை ஏதாவது ஒரு தெருநாய் குட்டி போடும். குட்டிகள் பால்குடி மறந்ததும் பாய் வேலையை ஆரம்பித்துவிடுவார். நிலம் பதிய வந்தவர், சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் என்று யார் கிடைத்தாலும் விடமாட்டார்.

"திராட்சைத் தோட்டம் வாங்கிட்டீக. காவலுக்கு ஆரு இருக்கா?"

"ஆரும் இல்ல பாய்."

"அந்தா, ஜீப்புக்கு அடியில பாருங்க. அஞ்சு பேரு, புறம்போக்குல கெடக்குதுக. ஒண்ண ஒங்க பேருக்கு எழுதிருவமா?"

ஆளின் தலை லேசாக அசைந்தாலே போதும், வெள்ளைத்தாள் வெளியே வந்துவிடும். அப்படி ஒரு பத்திரத்தை என் கண்ணாலேயே படித்திருக்கிறேன். "வடக்கே கறுத்த மூக்கு, தெற்கே நுனி வெளுத்த வால், கிழக்கே மடங்கிய காது, மேற்கே நிமிர்ந்த காது, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பெண் நாய்க்குட்டி உருப்படி ஒன்று. மேற்படி குட்டிக்கு இரண்டு வேளைச் சோறும், வெயிலுக்கு நிழலும், தடுப்பூசியும் அளிக்க முழு மனதுடன் சம்மதித்து..." கீழே வாங்குபவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள்.

ஒருமுறை ஒரு குறும்புக்காரர் கேட்டார்: "பாய், நாய் திரும்பிப் படுத்தா தெக்கு வடக்காயிருமே?"

பாய் தலை நிமிரவில்லை. "மூக்கு எங்கிட்டு இருக்கோ, அதான் வடக்கு. சட்டத்துல எடமிருக்கு" என்றார். எந்தச் சட்டம் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

இத்தனையும் செய்கிறவர் இன்றுவரை ஒரு நாயைத் தொட்டதில்லை. தொழுகைக்குப் போகிற வேட்டியில் எச்சில் படக்கூடாது என்று எப்போதும் கையில் ஒரு குடை வைத்திருப்பார். நாய்களுக்கோ பாய் என்றால் உயிர். அவர் தெருவில் இறங்கினால் பின்னாலேயே ஒரு ஊர்வலம் கிளம்பும். "அங்கனயே நில்லு! எல்ல தாண்டுன, அம்புட்டுத்தான்!" என்று குடையை நீட்டி மிரட்டியபடியே நடப்பார். ஆனால் ஜெராக்ஸ் கடை வாசலில் சிமெண்டுத் தொட்டி வைத்துத் தினமும் தண்ணீர் நிரப்புவதும் அவர்தான். "எச்சி பட்டா நான் கழுவிக்கிறேன். அதுக்காக அதுக தாகத்தோட கெடக்கணுமா?" என்பார்.

பத்திரத்தை விளையாட்டு என்று நினைத்து மாட்டிக்கொண்டவர் ஒரு வக்கீல். குட்டியை வாங்கிப்போய், வளர்ந்ததும் மொட்டை வெயிலில் சங்கிலியில் கட்டிவிட்டார். பாய் மொபெட்டில் போய்ச் சுவருக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் கட்சிக்காரர்கள் சூழ நின்றிருந்த வக்கீலுக்கு முன்னால் போய், "நிழல் ஷரத்து மீறப்பட்டபடியால்" என்று ரத்துப் பத்திரத்தை உரக்க வாசித்தார்.

"இதெல்லாம் செல்லாது பாய்" என்றார் வக்கீல்.

"செல்லாட்டி கேசு போடுவோம். நான் வாதி. நாய் சாட்சி."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் வக்கீலுக்கு முகம் போன இடம் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அவர் வீட்டு முற்றத்தில் நாய்க்குக் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று.

இனி என் கதை. இதில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் காலமான பிறகு வீட்டை என் பெயருக்கு மாற்றும் பத்திரத்தை எழுதியவர் பாய்தான். மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை முடித்து வீடு திரும்பினால் பேச ஆளில்லை. "ஒரு நாய் வளர்த்தா என்னம்மா?" என்றாள் மகள். வளர்க்கலாம்தான். ஆனால் தெருநாயா? என் கௌரவம் என்ன ஆவது? எங்கள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தன் பொன்னிற லேப்ரடாரின் படத்தைத் தினமும் வாட்ஸ்அப்பில் போட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே நிறம் வேண்டும், முடிந்தால் ஒரு பிடி கூடுதலாக. சின்னமனூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருவர் குட்டிகள் விற்கிறார் என்று விசாரித்து, போனில் பேசி, பெருமை தாங்காமல் பாயிடமும் சொன்னேன்.

"தாய் நாயப் பாத்தியா தாயி?" என்றார்.

"குட்டி போட்டோ அனுப்பியிருக்காரு பாய். இந்தாங்க."

"குட்டிய ஆரு கேட்டா? தாயப் பாத்தியா?"

"அத நான் எதுக்குப் பாக்கணும்?"

பாய் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஒன் வீட்டுக்கு எழுதும்போது மூலப்பத்திரம் எங்கன்னு கேட்டனா இல்லையா? எங்கேருந்து வந்துச்சு, எப்பிடி வந்துச்சுன்னு தெரியாம ஒரு செண்டு நெலம் வாங்க மாட்ட. உசுர மட்டும் போட்டோவப் பாத்து வாங்குவியா?"

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறியபோது, முன் இருக்கையில் மடியில் பையோடும் குடையோடும் பாய் உட்கார்ந்திருந்தார். நான் அழைக்கவே இல்லை.

குட்டி விற்கிறவர் நாற்பது வயதுக்காரர், மரியாதையான மனிதர். டீ கொடுத்தார். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். பதமாகப் பொரிந்த பணியாரத்தின் நிறம். அது என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனது. எனக்கு உலகமே மறந்துவிட்டது.

"தாய் நாயக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் பாய்.

"குட்டி போட்ட ஒடம்பு. கடிச்சிரும். வேண்டாமே."

"நான் தொட மாட்டேன். ஊருக்கே தெரியும்."

சொல்லிக்கொண்டே தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் நடந்துவிட்டார். குட்டியோடு நானும் போனேன். மூன்று இரும்புக் கூண்டுகள். முதல் கூண்டில் அவள் கிடந்தாள். முதுகில் பாதி முடி இல்லை. மடி தொங்கித் தரையில் கிடந்தது. நடந்து பழக்கமில்லாததால் நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன. எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள், கால் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். உறுமவில்லை. என் கையில் இருந்த குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் ஒரு தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, தாளை எடுத்து, எழுத எழுத வாசிக்கவும் ஆரம்பித்தார். "மேற்படி குட்டியின் தாய் நாய், வயது சுமார் ஆறு. ஈத்து எத்தன, எத்தன தடவ குட்டி போட்டுச்சு?"

"எட்டு" என்றார் அவர், தன்னை அறியாமல்.

"ஈத்து எட்டு. நிற்கக் காலில் பலமின்றி இரும்புக் கூண்டில் கிடக்கக் கண்டு..."

"பாய், அதயெல்லாம் எதுக்கு எழுதுறீக?"

"கண்ணால கண்டத எழுதாட்டி அது பொய்ப்பத்திரம். கீழ நீங்க கையெழுத்துப் போடணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் பாயை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், தப்பு என்மேல மட்டுந்தானா? நீங்க போன்ல என்ன கேட்டீக? இன்னும் நெறமா இருக்கான்னு கேட்டீக. தாய் எப்பிடி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? நானும் மொதல்ல வருசத்துக்கு ஒரு ஈத்துன்னு நல்லாத்தான் வளத்தேன். எல்லாரும் இந்த வாரமே வேணுங்கிறாக. காத்திருக்கச் சொன்னா வேற எடத்துக்குப் போயிர்றாக."

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"இனி இத என்ன செய்வீக?" என்று கேட்டார் பாய்.

"இன்னும் ஒரு ஈத்து. அப்பறம் வருசநாட்டுப் பக்கம் ஏதாச்சும் தோட்டத்துல விட்டுருவேன்."

தோட்டத்தில் விடுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்டியிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

பாய் எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. தாளைப் பார்த்தபடி, "பத்திரத்துல எத எழுதட்டும் தாயி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். என் வீட்டுக்கும் என் சக்திக்கும் ஒரு நாய்தான் தாங்கும். கையில் கிடந்த பொன்னைப் பார்த்தேன். கூண்டைப் பார்த்தேன்.

"பெரியத எழுதுங்க பாய்."

குட்டியைத் துண்டோடு திருப்பிக் கொடுத்தேன். அது என் தலைப்பை விடவில்லை. விரலை விட்டு வாயைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. இதை இதுவரை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

குட்டிக்குப் பேசிய பணத்தைத் தாய்க்கே கொடுத்ததும் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிவந்தோம். பின்னால் நானும் அவளும். முன்னால் டிரைவர் பக்கத்தில் பாய், சன்னலுக்குக் குறுக்கே விரித்த குடையோடு. அந்தக் கொட்டகைக்கு அவர் இப்போதும் மாதம் ஒருமுறை 'டீ குடிக்க' போகிறார். மற்ற இரண்டு கூண்டுகளும் பகலில் திறந்திருக்கின்றனவாம்.

அவளுக்குப் பவுனு என்று பெயர் வைத்தேன். பெயரில்தான் பவுன். முளைத்துவந்த முடி பழைய துடைப்பத்தின் நிறம். கல்லூரியில் சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் நான் படம் எதுவும் போடவில்லை. பவுனுக்கு வாசற்படி தாண்டத் தெரியாது, மண்ணில் நடக்கத் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவாள். அதற்காகத் தட்டோடு தரையில் உட்கார ஆரம்பித்தேன். அதுவரை அடுப்படியில் நின்றபடியே எதையோ விழுங்கிக்கொண்டிருந்த நான், அவளைச் சாப்பிட வைக்கிற சாக்கில் மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டேன். குரைக்க மட்டும் அவள் குரைக்கவே இல்லை. குரலில் கோளாறு ஒன்றுமில்லை, நாளாகும் என்றார் கால்நடை மருத்துவர்.

எட்டு மாதம் ஆயிற்று. ஒரு காலை பாய் வழக்கம்போல் அவளைப் பார்க்க வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். வராந்தாவில் படுத்திருந்த பவுனு எழுந்தாள். நாலு காலும் நன்றாக ஊன்றி நின்றாள். குரைத்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. அதுவும் யாரைப் பார்த்து!

எனக்கு மானமே போனது. "ஏய் பவுனு! ஆரப் பாத்துக் குலைக்கிற? அறிவு இருக்கா?"

"திட்டாத தாயி!" என்று பாய் கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "குலைக்கட்டும், விடு. இது தன் வீடுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நான் வந்து பாக்க வேண்டியதில்ல."

உள்ளே வரக்கூட இல்லை, திரும்பிவிட்டார். அவர் தெருமுனை தாண்டுகிறவரை பவுனு விடாமல் குரைத்தாள். அன்று அவள் குரைப்பதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. இங்கே சொல்லிவிடுகிறேன், பாய். அன்றைக்கு நீங்கள் பஸ் ஏறி வராமல் இருந்திருந்தால், எனக்கு அழகான ஒரு நாய் கிடைத்திருக்கும். இவள் கிடைத்திருக்க மாட்டாள்.