துருப்பிடித்த கரண்டிக்கு ரேவதி நட்சத்திரம்

எந்தக் கதையின் முடிவும் யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே பிறந்த ஒரு மனிதர் காஞ்சிபுரத்தில் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்கு வெகுநாள் தெரியாது. பெரிய காஞ்சிபுரம் முழுக்க அவர் பெயர் க்ளைமாக்ஸ்.

ஏனாத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்குப் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குப் பின்னால்தான் அவருடைய செல்போன் ரிப்பேர் கடை. புதுப்படத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். "அண்ணன்காரன்தான்பா கொலைகாரன். நீ நிம்மதியா போய்ப் பாரு" என்பார். முடிவு தெரியாமல் ஒரு மனுஷனை மூன்று மணி நேரம் உட்காரவைப்பது சித்திரவதை என்பது அவர் கட்சி. அவர் புண்ணியத்தில் நான் கொட்டாவி விட்டபடி பார்த்த மர்மப் படங்கள் ஏராளம்.

தனக்கும் அதே நீதிதான். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்மணி போனில் சம்பந்தியம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார். க்ளைமாக்ஸ் இறங்கவேண்டிய இடம் வந்தது, சண்டை முடியவில்லை. வாலாஜாபாத் வரை போய், இருவரும் சமாதானமான பிறகுதான் எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பினார். கடை வாசலில் என் போனுக்காகக் காத்துக் காய்ந்துபோயிருந்த என்னிடம், முதலில் அந்தச் சமாதானச் செய்தியைத்தான் சொன்னார்.

இந்த வியாதி எங்கே தொற்றியது என்பதையும் அவரே ஒருநாள் சொன்னார். பள்ளிக்கூட வயதில் அவர் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. அதில் ஒரு கேசட். குடை பிடித்த குள்ளன் ஒருவன் கொட்டும் மழையில் காடு, மலை, ஆறு என்று எட்டு கட்டங்களைத் தாண்டி ஒரு கதவுக்கு முன்னால் வந்து நிற்பான். கதவைத் தட்டுவான். உடனே படம் அப்படியே உறைந்துவிடும். திருட்டுப் பிரதி, வேறெப்படி இருக்கும்? ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. தலை நரைத்த பிறகும் அந்தக் கதவு அவரை விடவில்லை.

"ஊர்ல இருக்கிற கதைய எல்லாம் தெரிஞ்சிக்கினு இன்னாபா பிரயோஜனம்? அந்தக் கதவுக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாமயே போய்டுவேன் போல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் இணையத்தில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார். பழைய வீடியோ கேம்களைப் பிரித்து மேய்ந்து, உள்ளே இருக்கும் புரோகிராமை வரிவரியாகப் படித்து, பழுதைச் சரிசெய்து இலவசமாகக் கொடுக்கிறவர்கள். ஆளுக்கொரு நாடு. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. யாரும் சொந்தப் பெயரில் இல்லை. ஒருவர் 'ரஸ்டி ஸ்பூன்', அதாவது துருப்பிடித்த கரண்டி. இன்னொருவர் 'ஸ்லீப்லெஸ் கேட்', தூங்காத பூனை.

குடைக்காரனின் முழுப் பிரதி ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. இருந்தவை எல்லாம் நாலாவது கட்டத்திலேயே நின்றன. ஆனால் கதவுக்கு அப்பால் உள்ள பகுதி அவற்றுக்குள் பத்திரமாக இருந்தது. நம்மவரின் கேசட்டில் கதவு வரைக்கும் ஒழுங்காக இருந்தது. அவர் கேசட்டைத் திறந்து, சிப்பில் இருந்ததை எடுத்து அனுப்பினார். அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்தார்கள். "தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலை இழை இழையா பிணைப்பாங்கல்ல, அதே வேலைதான்பா" என்று எனக்கு விளக்கம் வேறு.

ஒரு மத்தியானம் அவசரமாக வரச் சொன்னார். போனபோது எட்டாவது கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. குள்ளன் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. உள்ளே போனான், குடையை மடக்கி ஆணியில் மாட்டினான், ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

ராஜகுமாரி இல்லை, புதையல் இல்லை. இதற்கா இத்தனை வருஷம் என்று எனக்குக் கோபமே வந்தது. திரும்பிப் பார்த்தால் க்ளைமாக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருசமா மழையில நின்னுக்கினு இருந்தான்பா. வீட்டுக்குள்ள போய்ட்டான்" என்றார்.

இதற்கு 'தேங்க்ஸ்' என்று டைப் அடித்துவிட்டுப் போவது அவருக்குக் கேவலமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலில் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை என்று முடிவானது. துணைக்கு நான்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் அர்ச்சகர்.

"ரஸ்டி ஸ்பூன்."

அர்ச்சகர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பக்கத்துத் தூணைப் பார்த்தேன். நட்சத்திரம் தெரியாவிட்டால் சுவாமி பேருக்கே பண்ணிவிடலாம் என்று அர்ச்சகர் பெருந்தன்மையாகச் சொன்னார். க்ளைமாக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை செய்தது ஒருத்தர், பலன் இன்னொருத்தருக்கா என்று தட்டோடு வெளியே வந்துவிட்டார்.

அன்றே அந்தக் கூட்டத்தில் எல்லோரிடமும் பிறந்த தேதி, நேரம், ஊர் கேட்டு எழுதினார். வங்கிக் கணக்கைச் சுருட்டப் பார்க்கிறார் என்று முதலில் பயந்தார்கள். விஷயம் புரிந்ததும், ஆராய்ச்சிக்காரர்கள் அல்லவா, சும்மா இருப்பார்களா? தூங்காத பூனை நட்சத்திரம் கணிக்க ஒரு புரோகிராமே எழுதிவிட்டது. அதில் பிழை இருக்கிறது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, ரஸ்டி ஸ்பூன் ரேவதி நட்சத்திரம், ஸ்லீப்லெஸ் கேட் மகம் என்று ஒருவர் விடாமல் அர்ச்சனை நடந்தது. அர்ச்சகர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

போன ஐப்பசி மழையில் க்ளைமாக்ஸ் இறந்துபோனார். மாரடைப்பு. முந்தின நாள் காலைதான், அதிசயமாக ஒரு படத்தின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இடைவேளை வரை வந்தபோது என் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு யாராவது சொல்லவேண்டுமே என்று என் அலுவலக இங்கிலீஷில் நானே எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ரஸ்டி ஸ்பூனிடமிருந்து பதில் வந்தது. வருத்தம் தெரிவித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய நட்சத்திரம் என்ன?

எனக்குத் தெரியவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் கேட்டவர் தன்னுடையதைச் சொன்னதே இல்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கிருத்திகைப்பா" என்றார் அவர் மனைவி. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

குடைக்காரனின் புதுப் பதிப்பு இப்போது வந்திருக்கிறது. குடை ஆணிக்கு ஏறி, ஜன்னலில் விளக்கு எரிந்ததும் மழை நிற்கிறது. வீட்டுக்கு மேலே வானத்தில் ஆறு சின்னப் புள்ளிகள் தெரிகின்றன. கிருத்திகை. கீழே நன்றி என்று போட்டு, 'க்ளைமாக்ஸ், காஞ்சிபுரம்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் பாதியில் விட்ட அந்தப் படம் இப்போது போனிலேயே கிடைக்கிறது. நானும் போட்டுப் பார்க்கிறேன். இடைவேளை வந்ததும் அணைத்துவிடுகிறேன். மிச்சத்தை அவர்தான் சொல்லவேண்டும்.