பஞ்சுக்கையாள் மலையை வென்ற படலம்

வாழி அவள்! வெண்ணுடை தரித்த வீராங்கனை, ஊசி ஏந்தியும் எவர் கண்ணிலும் நீர் வரவழைக்காத உத்தமி, மருத்துவமனையின் முதலாம் அறையை முடிசூடாமல் ஆண்டுவந்த செவிலி, ஊரார் வாயால் பஞ்சுக்கையாள் எனப் பட்டம் பெற்றவள் வாழி! அடுத்த அறையில் ஆணியக்கா என்று பெயரெடுத்த மற்றொரு செவிலி நாள்தோறும் அலறல்களை அறுவடை செய்துகொண்டிருக்க, பஞ்சுக்கையாளின் அறையிலிருந்து ஒரு முனகல்கூட வெளியே வந்ததில்லை. அதனால் கூட்டமெல்லாம் அவள் வாசலில்தான் நின்றது. அந்த வரிசையைத் திரைச்சீலை இடுக்கில் எட்டிப் பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அத்தகைய பொற்காலத்தில் ஒரு காலை, கதவுநிலை அடைபட, அறை இருள, வந்து நின்றான் மலை. உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர்; இரும்பைத் தூக்கித் தூக்கி இரும்பாகவே ஆன தோளினன்; கரடியும் கண்டு நாணும் ரோமவனம் அடர்ந்த புயத்தினன்; துருப்பிடித்த ஆணியை மிதித்த குற்றத்துக்காக மனைவியால் இழுத்துவரப்பட்ட மாவீரன்! ஊசியைக் கண்ட மாத்திரத்தில் அவன் புயங்கள் கருங்கல்லாய் இறுகின. இறுகிய தசையில் ஊசி இறங்கினால் வலிக்கும்; வலித்தால் மலை அலறும்; மலை அலறினால் வாசலில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்.

மலை பிரகடனம் செய்தான்: "சிஸ்டர், சொல்லிட்டுத்தான் குத்தணும். சொல்லாம குத்தினா கத்திடுவேன். நான் கத்தினா நல்லா இருக்காது."

சொல்லாமல் குத்துவதில்லை என்று வாக்களித்துவிட்டுப் போர்க்கோலம் பூண்டாள் பஞ்சுக்கையாள். குளிர்பெட்டியில் சில்லிட்டுக் கிடந்த மருந்தைக் கோழி முட்டையை அடைகாப்பதுபோல் உள்ளங்கைக்குள் பொத்திக் குளிர் போக்கினாள். மருந்தை உறிஞ்சி முனை மழுங்கிய ஊசியைக் கழற்றி எறிந்து புத்தூசி பூட்டினாள். ஸ்பிரிட் ஈரத்தோடு குத்தினால் எரியும் என்பதறிந்து, அந்த ஈரம் உலரும்வரை தவமிருந்தாள். "கையைத் தொங்கவிடுங்க" என்றாள். அந்தோ, தொங்கவிட்ட கையும் தூண்போல் விறைத்தே நின்றது! கைவசமிருந்த ஆயுதமெல்லாம் தீர்ந்துபோய் அவள் முழித்தாள்.

அப்போதுதான் அவளுக்குள் பொறி தட்டியது.

"மாஸ்டர், வெயிட் தூக்கும்போது மூச்சை எப்ப விடணும்?"

தன் சாத்திரத்தைப் பிறர் கேட்கப் பெற்ற மலை, இருக்குமிடம் மறந்தான். இழுத்துவந்த மனைவியையும் மறந்தான். தூக்கும்போது மூச்சை அடக்குகிறவன் மூடன் என்று முழங்கினான். மெல்ல மெல்ல விட வேண்டும் என்று விளக்கினான். விளக்கியதோடு நில்லாமல், கண்மூடி, நெஞ்சு தாழ, தோள் தளர, கோயில் யானை பெருமூச்செறிவதுபோல் விட்டும் காட்டினான். கருங்கல் களிமண் ஆனது. "இதோ குத்துறேன்" என்று வாக்குப் பிறழாமல் அறிவித்து, மின்னல் எனப் புகுந்து மின்னல் எனவே மீண்டாள் அந்த ஊசியரசி!

மலை கண்திறந்து, எப்போது குத்துவீர்கள் என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

வெற்றி தலைக்கேறிய பஞ்சுக்கையாள், குழந்தைகளுக்கு ஒட்டும் சிறுதுண்டு இப்பெருவீரனுக்கு இழுக்கு எனக் கருதி, வாகைமாலை சூட்டுவதுபோல் முழநீளப் பிளாஸ்திரி ஒன்றை அந்த ரோமவனத்தின் மீது ஒட்டி, அழுத்தித் தேய்த்தும் விட்டாள். ஊசி போட்ட இடத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கசியவில்லை; அத்தனை சுத்தமான வேலை. பிளாஸ்திரியைக் குனிந்து பார்த்த மனைவிக்குத்தான் அதன் நீளம் பொறுக்கவில்லை.

"ரத்தமே வரல, இது எதுக்கு இவ்ளோ பெருசா?" என்று கேட்டபடியே, வீட்டில் பழைய காலண்டரைக் கிழிக்கும் கையால், ஒரே இழுப்பாக இழுத்தாள்.

திக்குகள் அதிர்ந்தன; அலமாரிக் குப்பிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின; பல்லாண்டுப் பெரும்புகழ் அக்கணமே, பறிபட்ட ரோமத்தோடு ரோமமாய்ப் பிளாஸ்திரியில் ஒட்டிக்கொண்டு போனது. மலையின் அலறல் கேட்டு ஆணியக்காவே தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அடுத்த அறை வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.